குற்றம் பகிர்வில் இல்லை

பல நிரல்கள் ஒரே நூலகக் கோப்பைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் நினைவகம் அரிதாக இருந்த காலத்தது. 1985-இல் வந்த முதல் விண்டோஸிலேயே டிஎல்எல் எனும் இத்தகைய பகிர்வு நூலகங்கள் இருந்தன. 1990-களில் புதிதாக நிறுவிய மென்பொருள் பொதுக் கோப்புறையில் இருந்த டிஎல்எல்லைத் தன் பதிப்பால் மாற்றிவிடும்; அதுவரை ஒழுங்காக ஓடிய வேறொன்று படுத்துவிடும். இதற்கு 'டிஎல்எல் நரகம்' என்று பெயர் வந்தது. பழி பகிர்வின்மீது விழுந்தது. உண்மையில் குற்றம், நூலகத்தை முழு அடையாளத்தால் சுட்டாமல் கோப்பின் பெயராலும் பாதையாலும் சுட்டியதில் இருந்தது.

பதிப்பு மாறாத இடத்திலும் கோளாறு வந்ததே இதற்குச் சான்று. விஷுவல் சி++ தொகுப்பி தன் இயக்க நூலகத்தை டீபக் (பிழை தேடுவதற்கு), ரிலீஸ் (வெளியிடுவதற்கு) என இரு வடிவங்களில் தந்தது. டீபக் வடிவம் தான் ஒதுக்கும் நினைவகத் துண்டுகளின் இருபுறமும் காவல் பைட்டுகளை வைக்கும். ரிலீஸ் வடிவம் வைக்காது. ஒன்றில் ஒதுக்கியதை மற்றொன்றில் விடுவித்தால் நிரல் முறியக்கூடும். டீபக் வடிவ நூலகம் உள்ள கோப்புறையின் பாதையைத் திட்டக் கோப்பில் நேராக எழுதிவைத்தால், ரிலீஸ் கட்டமைப்பிலும் அதுவே வந்து சேரும். 2002-இல் வெளியான டாட்நெட் தளம், நூலகத்தின் பெயரோடு பதிப்பு எண்ணையும் பொதுச் சாவியையும் அடையாளத்தில் சேர்க்க வழி செய்தது. அதுபோல, நிரல் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டுடியோவில் கோப்புக்குப் பதில் திட்டத்தையே சுட்டினால், கட்டமைப்புக்கு உரிய கோப்பு தானே தேர்வாகும்.

நூலகத்தை நிரலுக்குள்ளேயே சேர்த்துவிட்டால் தொல்லை தீராதா என்று கேட்பது நியாயம்தான். ஆனால் 2014-இல் மறையாக்க நூலகமான ஓபன்எஸ்எஸ்எல்லின் ஹார்ட்பிளீட் எனும் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, பகிர்வு நூலகம் இருந்த கணினிகளில் அதை மாற்றிச் சேவைகளை மறுபடி தொடங்கினால் போதுமாயிற்று. உள்ளே சேர்த்த நிரல்களை ஒவ்வொன்றாக மீண்டும் கட்ட வேண்டியிருந்தது. பகிர்வைக் கைவிடுவது தீர்வல்ல. எந்த நூலகம், எந்தப் பதிப்பு, எந்தக் கட்டமைப்பு என்று துல்லியமாகச் சுட்டுவதே தீர்வு.