மரீ: ஒட்டகக்காரர்களின் ஊர்

அடிலெய்டு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் போனால் மரீ என்ற சிற்றூர் வரும். நிலையாக வாழ்பவர்கள் நூறு பேருக்குள்தான். ஆண்டு முழுவதும் அங்கே பெய்யும் மழையைக் கூட்டினாலும், நம் கடற்கரை ஊர்களில் ஒரு புயல் நாளில் கொட்டும் அளவுக்கு வராது. ஊரைத் தாண்டியதும் இரண்டு மண்சாலைகள் பிரிகின்றன. ஒன்று வடமேற்கே ஊட்னடாட்டாவுக்குப் போகிறது. மற்றது பாலைவனத்தின் ஓரமாக 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, குயின்ஸ்லாந்து எல்லைக்கு அப்பால் பேர்ட்ஸ்வில்லில் முடிகிறது. ரயில் வராத ரயில் நிலையம், 1883இல் கட்டிய விடுதி, பேரீச்ச மரங்கள், பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டிய ஒரு சிறு பள்ளிவாசல்: ஊரில் பார்க்க இருப்பவை இவ்வளவுதான்.

நான் கால்நடை மருத்துவன். நாமக்கல்லில் படித்தவன். தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்கு வந்த பிறகு மாட்டுப் பண்ணைகளைப் பார்க்க வடக்கே போகும்போதெல்லாம் மரீயில் தங்குவது வழக்கமாயிற்று. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதிக்கு மாவும் சர்க்கரையும் தந்திக் கம்பியும் போய்ச் சேர்ந்தது ஒட்டகத்தால்தான் என்று இங்கே பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். விலங்கைத் தொட்டு வேலை செய்கிறவன் என்ற முறையில் எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. ஒட்டகம் மட்டும் வந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஒட்டகத்தை அறிந்த மனிதர்கள் உடன் வந்தார்கள், அதனால் நடந்தது. இதற்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

இந்தக் கண்டத்தில் இறங்கிய முதல் ஒட்டகம் 1840இல் கேனரி தீவுகளிலிருந்து அடிலெய்டு துறைமுகத்துக்கு வந்தது. பெயர் ஹாரி. கப்பலில் ஏற்றிய ஒட்டகங்களில் உயிரோடு வந்து சேர்ந்தது அது ஒன்றுதான். 1846இல் ஜான் ஹாராக்ஸ் என்ற இளைஞர் அதைக் கூட்டிக்கொண்டு வடக்கே நிலம் தேடிப் போனார். அவருடைய குழுவில் ஒட்டகம் வளர்க்கும் நாட்டிலிருந்து வந்தவர் ஒருவரும் இல்லை. ஹாரி உடன் வந்த ஒருவரின் தலையைக் கடித்தது. பின்பு ஒருநாள் ஹாராக்ஸ் அதன் அருகில் நின்று துப்பாக்கிக்கு மருந்து கெட்டித்துக்கொண்டிருந்தபோது ஒட்டகம் சட்டென்று சாய்ந்தது. துப்பாக்கி வெடித்து அவருடைய விரலையும் பற்களையும் பெயர்த்துவிட்டது. சில வாரங்களில் அவர் இறந்தார். அந்த ஒட்டகத்தையும் சுட்டுக் கொன்றார்கள். ஒட்டகத்தின் மனநிலையைப் பார்வையிலேயே கண்டுகொள்ளும் ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் இரண்டு உயிரும் தப்பியிருக்கலாம்.

1860இல், கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்கே கடக்கப் புறப்பட்ட பர்க், வில்ஸ் பயணத்துக்காக ஜார்ஜ் லாண்டல்ஸ் என்பவர் கராச்சியிலிருந்து 24 ஒட்டகங்களை மெல்போர்னுக்குக் கொண்டுவந்தார். இம்முறை ஒட்டகக்காரர்களும் வந்தார்கள். அவர்களில் ஒருவர் தோஸ்த் முகமது. ஆனால் கூப்பர் ஓடையிலிருந்து வடக்குக் கடலை நோக்கிக் கடைசிக் கட்டப் பயணம் தொடங்கியபோது, பர்க் 6 ஒட்டகங்களை எடுத்துக்கொண்டு தோஸ்த் முகமதுவை முகாமிலேயே விட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது எஞ்சியிருந்தவை இரண்டே ஒட்டகங்கள். அவற்றில் ஒன்று ஓடைச் சேற்றில் சிக்கி மாண்டது. மற்றதும் தளர்ந்து விழுந்தது. அதன்பின் ஓடைக்கரையை விட்டு நகர வழியின்றி 1861இல் பர்க்கும் வில்ஸும் இறந்தார்கள். அவர்கள் முடிவுக்குக் காரணங்கள் பல. ஒட்டகங்களோடு பிறந்து வளர்ந்தவரைப் பின்னே விட்டுப் போனதையும் அவற்றில் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன். தோஸ்த் முகமது பிற்பாடு ஓர் ஆண் ஒட்டகத்தின் கடியில் கை முடமாகி, மெனிண்டியில் வாழ்ந்து அங்கேயே அடக்கமானார்.

பாடம் கற்றுக்கொண்டவர் தாமஸ் எல்டர் என்ற வணிகர். 1865ஆம் ஆண்டின் கடைசி நாளில் அவருடைய ஒட்டகக் கப்பல் போர்ட் அகஸ்டாவுக்கு வந்தது. கராச்சியில் ஏறிய 124 ஒட்டகங்களில் 121 உயிரோடு இறங்கின. அவற்றோடு 31 ஒட்டகக்காரர்கள் இறங்கினார்கள். மரீக்குத் தெற்கே பெல்டானாவில் இருந்த எல்டரின் பண்ணையில் இனப்பெருக்கம் தொடங்கியது. தொடக்கத்தில் சொறிநோய் வந்து பல ஒட்டகங்கள் செத்தன. சொறி என்றால் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. தோலுக்குள் சிற்றுண்ணி துளைத்துப் போய் மயிர் உதிர்ந்து, தோல் தடித்து வெடித்து, விலங்கு தீனி எடுக்காமல் இளைத்தே சாகும். எண்ணெயும் கந்தகமும் தாரும் பூசி, தொற்றியதைப் பிரித்துக் கட்டி, உடம்பு முழுக்கக் கையால் தேய்த்து எடுக்க வேண்டிய வேலை அது. அதில் தப்பிய ஒட்டகங்களின் வழிவந்தவை இந்நாட்டின் தேர்ந்த சுமை ஒட்டகங்கள் ஆயின.

அதன் பிறகு பாலைவனத்தில் நடந்த பெரிய வேலைகளில் ஒட்டகக்காரர்களின் கை இல்லாதது அரிது. கண்டத்தின் நடுவே போய் 1872இல் முடிந்த தந்தித் தடத்துக்குச் சாமான் சுமந்தார்கள். 1873இல் ஆய்வுப் பயணி வில்லியம் காஸ் உலுரு பாறையின் மேல் ஏறியபோது உடன் ஏறியவர் கம்ரான். அதே ஆண்டு வார்பர்ட்டன் என்ற இன்னோர் ஆய்வுப் பயணி மேற்குப் பாலைவனத்தைக் கடந்தபோது 17 ஒட்டகங்களைப் பராமரித்தவர்கள் சாலேயும் ஹலீமும்.

இனி மரீ. 1859இல் ஜான் மக்டூவல் ஸ்டூவர்ட்டின் ஆய்வுப் பயணத்தில் இருந்த ஹெர்காட் என்ற ஜெர்மானியர் இங்கே ஓர் ஊற்றைக் கண்டார். அதனால் ஊருக்கு ஹெர்காட் ஸ்பிரிங்ஸ் என்று பெயரிட்டார்கள். பூர்வகுடிகளான அரபானா, தியரி மக்கள் இப்பகுதியின் ஊற்றுகளை நெடுங்காலமாக அறிந்தவர்கள். அவர்களின் நடைபாதைகள் ஊற்றுக்கு ஊற்று தொட்டுப் போனவை. தந்தியும் ரயிலும் பின்பு அதே வழியைப் பிடித்தன. முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மன் பெயர்களை நீக்கியபோது ஊர் மரீ ஆனது.

1880களின் முற்பாதியில் ரயில் இங்கே வந்து நின்றது. அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை. ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் பண்ணைகள் இருந்தன. அவற்றின் கம்பளி மூட்டை ரயிலுக்கு வர வேண்டும். மாவு, தேயிலை, வேலிக்கம்பி, தகரம் எல்லாம் திரும்பப் போக வேண்டும். குதிரையும் காளையும் வறட்சியில் தீனியும் தண்ணீரும் இல்லாமல் வழியிலேயே விழும். அந்த வேலைக்காக ஒட்டகக்காரர்கள் மரீயில் குடியேறினார்கள். பெஷாவர், பலூசிஸ்தான், சிந்து, பஞ்சாப், ராஜபுதனம் எனப் பல பக்கத்திலிருந்து வந்த அவர்கள் எல்லாரையும் ஆப்கானியர் என்றே ஊர் அழைத்தது. 1870 முதல் 1920 வரை இந்நாட்டுக்கு ஏறத்தாழ 20,000 ஒட்டகங்களும் 2,000க்கும் மேற்பட்ட ஒட்டகக்காரர்களும் வந்ததாக வரலாற்றாளர்கள் கணிக்கிறார்கள்.

அவர்களின் வேலை நாளை நான் விலங்கின் பக்கமிருந்தே பார்க்கிறேன். விடியுமுன் எழுந்து, இரவில் காலில் தளை கட்டி மேயவிட்ட ஒட்டகங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். சில கிலோமீட்டர் தள்ளியும் போயிருக்கும். ஒவ்வொன்றையும் "ஹூஷ்டா" என்று குரல் கொடுத்து மண்டியிடச் செய்து, திமிலின் இருபுறமும் வைக்கோல் திணித்த சேணத்தை ஏற்றுவார்கள். பிறகு சுமை. தேறிய ஆண் ஒட்டகம் 400 கிலோ தூக்கும். மிக வலுவானவை 600 கிலோ வரை தூக்கியதுண்டு. எடையைவிட இருபக்கச் சமநிலைதான் முக்கியம். ஒருபக்கம் கொஞ்சம் கூடினாலும் சேணம் சரிந்து உராயும். உராய்ந்த இடம் புண்ணாகும். புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைத்தால் அந்த ஒட்டகம் மாதக்கணக்கில் வேலைக்கு ஆகாது. என் அப்பா பாரவண்டி ஓட்டியவர். "மாடு வாய் திறந்து சொல்லாதுடா, நாமதான் நுகத்தடி பட்ட இடத்தைத் தடவிப் பார்க்கணும்" என்பார். இரவில் சேணம் இறக்கியதும் முதுகைத் தடவிப் பார்த்த ஒட்டகக்காரருக்கும் அதே கவலைதான்.

மூக்கில் குத்திய மரமுளையிலிருந்து போகும் மெல்லிய கயிற்றை முன்னே நடக்கும் ஒட்டகத்தோடு இணைத்து வரிசையாக நடத்துவார்கள். கயிறு மெல்லியதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒன்று மிரண்டு பின்வாங்கினால் கயிறு அறுந்துவிட வேண்டும். மூக்கு கிழியக் கூடாது. ஒரு சாரியில் எழுபது ஒட்டகங்கள்கூடப் போகும். குளிர்காலத்தில் ஆண் ஒட்டகத்துக்கு இணைசேரும் பருவம் வரும். பிடரிச் சுரப்பிகளிலிருந்து கறுத்த நீர் வடியும், வாயோரம் நுரை தள்ளும், அண்ணத்தின் மென்தசை பலூன்போல வெளியே தொங்கும். அப்போது அதன் கடி எலும்பை நொறுக்கும். எதற்கு எவ்வளவு தூரம் விட்டு நிற்க வேண்டும் என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. இந்தப் பாலையின் செடிகளும் அவர்களுக்குப் புதியவை. ஒட்டக நஞ்சு என்றே பெயர் பெற்ற ஒரு செடி இங்கே உண்டு. எந்தச் செடிப் பக்கம் மேயவிடக் கூடாது என்று அவர்கள் புதிதாகப் படித்துக்கொண்டார்கள்.

ஊர் அவர்களை எப்படி வைத்திருந்தது? மரீயின் நடுவே ரயில் பாதை ஓடியது. ஒருபக்கம் வெள்ளையரின் விடுதியும் கடைகளும். மறுபக்கம் ஒட்டகக்காரர்களின் தகரக் குடில்களும், அரபானா, தியரி மக்களின் குடியிருப்பும். 1880களிலேயே அவர்கள் மண்சுவர் வைத்துப் பள்ளிவாசல் கட்டினார்கள். ஆஸ்திரேலியாவின் முதல் பள்ளிவாசல்களில் அது ஒன்று. ஆடு வளர்த்து, தாங்களே அறுத்த இறைச்சியை மட்டும் உண்டார்கள். பேரீச்சை நட்டார்கள். சொந்த ஊரிலிருந்து மனைவியரை அழைத்துவர வழியில்லாத நிலையில் பலர் பூர்வகுடிப் பெண்களையும் சிலர் ஐரோப்பியப் பெண்களையும் மணந்தார்கள்.

அவர்களில் பெஜா தெர்விஷை எனக்கு மிகவும் பிடிக்கும். பலூசிஸ்தானில் பிறந்து, இந்தியப் படையில் பணிபுரிந்து, 1890 வாக்கில் இங்கே வந்தவர். 1896இல் லாரன்ஸ் வெல்ஸ் தலைமையில் கால்வர்ட் பயணக்குழு மேற்குப் பாலைவனத்தைக் கடந்தபோது ஒட்டகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. அந்தப் பயணத்தில் இருவர் தாகத்தால் இறந்தார்கள். எஞ்சியோர் உயிர் பிழைத்ததில் பெஜாவின் பங்கை உணர்ந்த வெல்ஸ், தம் திசைகாட்டியை அவருக்குக் கொடுத்தார். ஒரு குன்றுக்கு அவர் பெயரையும் இட்டார். பெஜா பின்பு மரீயில் குடியமர்ந்து, 1909இல் அமீலியா ஷா என்பவரை மணந்தார். 1939இல் சிசில் மாடிகன் சிம்சன் பாலைவனத்தைக் கடந்தபோது ஒட்டகங்களை நடத்தியவர்களில் ஒருவர் பெஜாவின் மகன் ஜாக். தந்தை 1957இல் காலமானார்.

இத்தனைக்கும் சட்டம் அவர்களை ஏற்கவில்லை. 1901இன் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெள்ளையர் அல்லாதோர் வருவதைத் தடுத்தது. 1903இன் சட்டம் ஆசியாவில் பிறந்தவர்கள் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கவே முடியாதபடி செய்தது. 1920களில் லாரிகள் வந்து ஒட்டகச் சாரிகளின் வேலையைப் பறித்தன. 1925இல் தெற்கு ஆஸ்திரேலியா ஒட்டக அழிப்புச் சட்டத்தை இயற்றியது. சுட மனம் வராத பலர் தங்கள் ஒட்டகங்களைப் பாலையில் அவிழ்த்துவிட்டார்கள். கூடவே உழைத்த விலங்கைச் சுடு என்றால் கை எழும்பாது. எனக்கு அது நன்றாகப் புரிகிறது. அவற்றின் வழிவந்தவை பல லட்சமாகப் பெருகி, ஊற்றுகளையும் வேலிகளையும் பாழாக்கின. 2009 முதல் 2013 வரை அரசுத் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 1,60,000 ஒட்டகங்களை நீக்கினார்கள். ஊற்றுநீரைக் காப்பது தேவைதான். ஆனால் இன்றைய செய்திகளில் தொல்லை என்ற பெயர் மட்டுமே ஒட்டகத்துக்கு எஞ்சியிருப்பது நியாயமில்லை.

1980இல் புதுத் தண்டவாளம் மேற்கே வேறு வழியாகப் போனதோடு மரீ வழியாக வடக்கே போன ரயில் நின்றுபோனது. ஆப்கானியரின் நினைவாகக் கான் என்று பெயர் பெற்ற ரயில், அவர்கள் வாழ்ந்த ஊரைத் தொடாமலே ஓடுகிறது.

நான் இந்த நாட்டுக்கு வந்தது விலங்கு பார்க்கும் தொழிலறிவை மதித்துத் தந்த விசாவில். அதே அறிவோடு வந்த அவர்களுக்கு அந்த மதிப்பு கிடைக்கவில்லை. பாலைவனத்தை வென்றவர்கள் என்று ஆய்வுப் பயணத் தலைவர்களுக்குச் சிலை உண்டு. முதுகுப்புண்ணைத் தடவி ஆற்றி ஒட்டகங்களை நடத்திச் சென்றவர்களுக்கும் அந்த வரலாற்றில் சமமான இடம் உண்டு என்பதே என் தீர்ப்பு. ஆஸ்திரேலியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜூலை மாதம் மரீயில் ஒட்டகப் பந்தயம் நடக்கும், வெயிலும் தாங்கும்படி இருக்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள். பந்தயம் முடிந்ததும் பள்ளிவாசலுக்கும் அழைத்துப்போய், தோஸ்த் முகமது, கம்ரான், சாலே, ஹலீம், பெஜா தெர்விஷ் ஆகியோரின் பெயர்களைச் சொல்லிக்கொடுங்கள்.