கர்ணம் கணக்கும் சிஸ்டம் அட்மின் மெனுவும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஜூனியர் சிஸ்டம் அட்மின் ஒருவருக்கு எவ்வளவு அதிகாரம் கொடுக்கலாம்? இந்தப் பகுதியில் அதைத்தான் பேசப் போறோம். நான் வல்லத்திலிருந்து தொடங்குகிறேன்.

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் இருக்கிற இந்த வல்லம் பகுதி 1993 வரைக்கும் தென்னார்க்காடு மாவட்டம். இங்கே பெரியவர்களிடம் கர்ணம் என்று சொல்லிப் பாருங்க, உடனே ஒரு கதை வரும். சிட்டா, அடங்கல் எல்லாம் கர்ணம் கையில். நெடுங்காலம் வழிவழியாக வந்த பதவி. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு, கர்ணம் உள்ளிட்ட பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1982-ல் அங்கேயும் அரசு செய்தது செல்லும் என்றே தீர்ப்பு. அந்த இடத்துக்கு வந்தவர்தான் வி.ஏ.ஓ. இன்றைக்குப் பட்டாவில் உட்பிரிவு செய்ய வேண்டுமானால் சர்வேயர் அளக்கணும், வட்டாட்சியர் அலுவலகம் உத்தரவு போடணும். எழுதுகிறவர், அளக்கிறவர், ஒப்புதல் தருகிறவர் என்று வேலை பிரிந்துவிட்டது.

ஏறக்குறைய அதே 1980-ல், அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகக் கணினித் துறையில் பாப் காகெஷல், கிளிஃப் ஸ்பென்சர் என்ற இருவர் இதே சிக்கலில் கை வைத்தார்கள். யூனிக்ஸில் ‘ரூட்’ என்று ஒரு கணக்கு உண்டு. அது எதையும் படிக்கலாம், எதையும் அழிக்கலாம். அந்த பாஸ்வேர்டு தெரிந்தவர் முழு அதிகாரி, தெரியாதவர் சாதாரணப் பயனர், நடுவில் எதுவும் கிடையாது. இவர்கள் எழுதிய ‘சூடோ’ அந்த நடுவழியைத் திறந்தது. இன்னார் இன்ன கட்டளையை மட்டும் ரூட்டாக இயக்கலாம் என்று ஒரு கோப்பில் எழுதி வைத்துவிடலாம்.

அதன் மேல்தான் மெனு வருகிறது. ஜூனியர் உள்ளே நுழைந்ததும் கட்டளை வரிக்குப் பதிலாக நாலு வரி தெரியும்: 1. பிரிண்டர் வரிசையைச் சரிசெய், 2. பேக்கப் எடு, 3. பயனர் பாஸ்வேர்டை மாற்று, 4. வெளியேறு. கட்டளை எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், எண்ணைத் தட்டினால் போதும்.

பார்க்க பத்திரமாகத்தான் இருக்கு. ஆனால் மூன்றாவது வரியில் பயனர் பெயர் கேட்கும் இடத்தில் ஒருவர் ‘ரூட்’ என்று அடித்தால்? தடுத்து வைக்கவில்லையென்றால் ரூட்டின் பாஸ்வேர்டே மாறிவிடும். அதேபோல, ஒரு கோப்பைத் திருத்துவதற்காக ‘விஐ’ எடிட்டரை ரூட் அதிகாரத்தோடு திறந்துவிட்டால், அதற்குள்ளிருந்தே ஆச்சரியக்குறி போட்டு எந்தக் கட்டளையையும் இயக்கலாம். மெனு மறைத்தது அத்தனையும் கைக்கு வந்துவிடும். இதனால்தான் சூடோவில் பிறகு ‘சூடோஎடிட்’ வந்தது. அது கோப்பின் நகலைப் பயனரின் சொந்த அதிகாரத்தில் திருத்த விட்டு, முடிந்ததும் மூலக் கோப்பில் எழுதுகிறது. ஆக, மெனு வெறும் முகப்பு. பூட்டைச் சூடோ விதியில்தான் போடணும்.

இதை ஜூனியர்மேல் வைக்கிற சந்தேகமாக நான் பார்க்கவில்லை. நாலு பேருக்குத் தெரிந்த ரூட் பாஸ்வேர்டில் ஏதாவது அழிந்துபோனால், பழி யார் தலையில் விழும்? பெரும்பாலும் கடைசியாகச் சேர்ந்தவர் தலையில். ஒவ்வொருவருக்கும் தனி லாகின் இருந்தால், யார், எப்போது, எந்தக் கட்டளையை இயக்கினார் என்று சூடோ பதிவேட்டில் எழுதி வைக்கும். அந்தப் பதிவுதான் அந்தப் பையனுக்கோ பெண்ணுக்கோ சாட்சி.

உங்கள் அலுவலகத்தில் இப்போது ரூட் பாஸ்வேர்டு எத்தனை பேருக்குத் தெரியும்? நாளைக்குப் போனதும் அதை முதலில் எண்ணிப் பாருங்க. அடுத்த பகுதியில் சந்திப்போம்.