கூட்டாய்வு மையங்களில் முனைவர் பட்டப் பயிற்சி (ஆஸ்திரேலியா)

பல்கலைக்கழகமும் அரசு ஆய்வகமும் தொழில் நிறுவனமும் ஒப்பந்தம் செய்துகொண்டு, குறிப்பிட்ட காலத்துக்குச் சேர்ந்து நடத்தும் ஆய்வு அமைப்பு ஆஸ்திரேலியாவில் கூட்டாய்வு மையம் (சி.ஆர்.சி.) எனப்படுகிறது. தொழில்துறைக்குப் பழகிய முனைவர்களை உருவாக்குவது தொடக்கம் முதலே இதன் நோக்கங்களுள் ஒன்று.

தோற்றம்: இத்தகைய பயிற்சிக்கு ஐரோப்பாவில் முன்னோடிகள் உண்டு. பிரான்சு 1981இல் தொடங்கிய சிஃப்ரே திட்டத்தில், மாணவரை நிறுவனம் சம்பளத்துக்கு அமர்த்தும். அரசு மானியம் தரும். ஆஸ்திரேலியாவிலோ ஆய்வாளர்கள் பரந்த நாடெங்கும் சிதறியிருந்தனர். அவர்களை ஒருங்கிணைக்கும் திட்டத்தைத் தாவரவியலாளரும் தலைமை அறிவியலாளருமான ரால்ஃப் ஸ்லேட்டியர் வகுத்தார். பிரதமர் பாப் ஹாக்கின் அரசு 1990இல் அதை அறிவித்தது; 1991இல் முதல் மையங்கள் தொடங்கின. ஒரு மையத்துக்கு வழக்கமாக ஏழாண்டு நிதி கிடைத்தது.

பயிற்சி முறை: பட்டம் தருவது பல்கலைக்கழகமே. மாணவருக்குப் பல்கலைக்கழக நெறியாளருடன் தொழில்துறையிலிருந்தும் ஒரு வழிகாட்டி அமைவார். உதவித்தொகைக்கு மேல் மையம் கூடுதல் தொகை தருவதுண்டு. காப்புரிமை, திட்ட மேலாண்மை போன்றவற்றில் குறும்பயிற்சிகளும் நடக்கும்.

மாணவர் அனுபவம்: பருத்தி விளையும் நராப்ரை என்னும் ஊரில் பருத்தி ஆய்வு செய்யும் மாணவரை எடுத்துக்கொள்வோம். அங்கு அக்டோபர் வாக்கில் விதைத்தால் ஏப்ரல் வாக்கில்தான் பஞ்செடுப்பு. மூன்றாண்டு உதவித்தொகைக் காலத்தில் மூன்று போகமே கைக்கு வரும். ஆலங்கட்டி மழையோ வெள்ளமோ ஒன்றைக் கொண்டுபோனால் ஆய்வேட்டில் ஓராண்டுத் தரவு இல்லை. ஆனால் விவசாயியின் வயலிலேயே அவருடன் நின்று கற்பது ஆய்வகத்தில் கிடைக்காத படிப்பு.

இரகசியக் காப்பு மற்றொரு சுமை. கண்டுபிடிப்பை முதலில் கட்டுரையாக வெளியிட்டால் ஐரோப்பாவில் காப்புரிமை பெறும் வாய்ப்பு பறிபோகும். ஆகவே விண்ணப்பம் பதிவாகும்வரை மாணவரின் கட்டுரை காத்திருக்க நேரும். வேலை தேடும் இளம் ஆய்வாளருக்கு அந்தத் தாமதம் சிறிய இழப்பன்று.

பிற்கால மாற்றங்கள்: 2015ஆம் ஆண்டு மறுஆய்வுக்குப் பின் தொழில்துறைத் தலைமைக்கு முதலிடம் தரப்பட்டது. அதிகபட்சம் மூன்றாண்டு நடக்கும் சிறு கூட்டுத் திட்டங்களும் (சி.ஆர்.சி.-பி) அறிமுகமாயின. முனைவர் பட்டப் படிப்பு அவற்றின் கால அளவுக்குள் அடங்குவது கடினம். பெரிய மையங்களுக்கோ முனைவர் பயிற்சி இன்றும் கட்டாயம்.

மதிப்பீடு: இரண்டு ஆசான்களிடம் கற்கும் வாய்ப்பே இம்மையங்களின் பெருங்கொடை. ஆய்வு யாருக்குச் சொந்தம், எப்போது வெளியிடலாம் என்பதைச் சேரும் நாளிலேயே மாணவருக்கு எழுத்தில் தெரிவிப்பது மையத்தின் கடமை.