மரக்கவிகள்

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை நினையாமல் தமிழ் மேடையில் இயற்கையைப் பற்றிப் பேசுவார் அரியர். பாரியின் பெருமையில் ஐயமில்லை. ஆயினும் அவன் வேந்தன். தேரும் அவனுடையது, மலையும் அவனுடையது. தேரும் இன்றி, காட்டின்மீது உரிமையும் இன்றி, சொல் ஒன்றையே உடைமையாகக் கொண்ட கவிஞர் ஒரு காட்டின்பொருட்டு என்ன செய்யக்கூடும்? பத்தாம் ஆண்டு மலரை விரித்து வைத்திருக்கும் வட்டத்தார்க்கு இவ்வினா புறம்பானதன்று. இதற்கு விடை தேடுவோர் மலைக்கு அப்பால், கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கின் வரலாற்றைக் காணல் வேண்டும்.

நீலகிரி மேட்டுநிலத்தின் தென்மேற்குச் சரிவில், பாலக்காடு மாவட்டத்தில் அமைந்தது அப்பள்ளத்தாக்கு. அதன் நடுவே ஓடும் ஆற்றுக்குக் குந்திப்புழை என்று பெயர். காட்டுக்குச் சைரந்திரி வனம் என்று பழம்பெயர். விராடன் மனையில் பாஞ்சாலி பூண்ட பெயர் சைரந்திரி என்பதை வாசகர் அறிவர். ஏறத்தாழ 90 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இம்மழைக்காட்டில், குந்திப்புழையின் குறுக்கே சுமார் 130 மீட்டர் உயர அணை ஒன்று எழுப்பித் தொடக்கத்தில் 120 மெகாவாட்டும் பின்னர் 240 மெகாவாட்டும் மின்சாரம் பெறுவது திட்டம். 1973-இல் திட்டக்குழு இசைவு தந்தது. நீரில் மூழ்கவிருந்த காடு எட்டுச் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி.

திட்டத்தை ஆதரித்தோரைக் கொடியவர் என எழுதிவிடுதல் எளிது, அது நேர்மையாகாது. மலபார்ப் பகுதி மின்சாரத்துக்கு ஏங்கியிருந்தது. பத்தாயிரம் எக்டேர் நிலத்துக்குப் பாசனம், ஆயிரக்கணக்கானோர்க்கு வேலை என்பன சிறு வாக்குறுதிகள் அல்ல. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்ற வேற்றுமை இதில் பெரிதும் மறைந்தது. 1976-இல் ஆராய்ந்த சபர் பதேஅலி தலைமைக் குழு, திட்டத்தைக் கைவிடுதல் நன்று என்றது. கைவிட இயலாதெனில் இன்னின்ன காப்புகள் வேண்டும் என்றும் ஒரு பட்டியல் தந்தது. அரசு பின்பாதியை மட்டும் படித்துக்கொண்டது!

எதிர்ப்புக்கு முதலில் உருவம் தந்தவர்கள் அறிவியலார். 1962-இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத், தாய்மொழியில் அறிவியல் எழுதுவோரின் அமைப்பு. தாவரவியலார் எம்.கே. பிரசாத் தம் கட்டுரைகளால் வழக்கைத் தொடுக்க, தாவரவியலாரும் பொறியாளரும் பொருளியலாரும் ஒருங்கிருந்து 1979-இல் ஓர் ஆய்வு நூலை வெளியிட்டனர். காடு அழகியது என்று அந்நூல் வாதிடவில்லை. மின்கடத்தலில் வீணாவது எவ்வளவு, மலபாருக்கு மின்சாரம் தர வேறு வழி யாது என்று கணக்குக் கேட்டது. பரிஷத்தினுள்ளேயே கருத்து வேறுபட்டோர் இருந்தனர் என்பதும் குறிக்கத்தக்கது.

கணக்கு அறிவுடையோர் அவையில் வெல்லும், சந்தையில் வெல்லாது. ஊரார் கேட்டது ஒரே கேள்வி: குரங்கு பெரிதா, மனிதன் பெரியவனா? சிங்கவால் குரங்கின்பொருட்டு மனிதரை இருளில் வைப்பதா என்ற அக்கேள்விக்குப் புள்ளிவிவரத்தில் மறுமொழி இல்லை. அங்கேதான் கவிஞர்கள் வந்தனர்.

சுகதகுமாரியை முன்னிட்டு இயற்கைப் பாதுகாப்புச் சமிதி ஒன்று அமைந்தது. என்.வி. கிருஷ்ண வாரியர், வைலோப்பிள்ளி ஸ்ரீதர மேனன், ஓ.என்.வி. குறுப்பு போன்ற, மலையாளக் கவிதையின் முன்வரிசையினரே உடன் நின்றனர். சுகதகுமாரியின் ‘மரத்தினு ஸ்துதி’ என்னும் கவிதை இயக்கத்தின் வாழ்த்துப்பாவாகவே ஆயிற்று. மலையாளக் கவியரங்கில் கவிதை பெரும்பாலும் இசையோடு சொல்லப்படுவது; அச்சில் காணாதவரும் செவியில் கொண்டு செல்வர். இப்பயன் நம் கவியரங்குகளில் அருகிவருவதை எண்ணும்போது சிறிது பொறாமையும் எழுகிறது.

எதிர்ப்பாளர் இவர்களுக்கு ‘மரக்கவிகள்’ என்று பட்டம் சூட்டினர். கல்லாதவனையும் பண்பில்லாதவனையும் மரம் என்று இகழ்வது நம் நீதிநூல்களுக்கும் பழக்கமானதே. எனவே அந்த ஏளனத்தின் கூர்மை நமக்கு விளங்கும். பெயர் பெற்ற கவிஞர் தம் பெயரை இழக்கத் துணிந்தனர் என்பதே இங்கு நான் பெரிதாக மதிப்பது. கைதட்டும் அவையில் மரத்தைப் பாடுவதற்கு எவரும் அஞ்சவேண்டியதில்லை.

பாட்டைத் தொடர்ந்து நாடகம் வந்தது. 1980-இல் பரிஷத் தன் முதல் சாஸ்திர கலாஜாதாவைத் தொடங்கிக் கேரளத்தின் வடகோடியிலிருந்து தெற்கு நோக்கி ஊர் ஊராகச் சென்றது. திரையில்லை, மேடையில்லை, முச்சந்தியே அரங்கு. அது அமைதிப் பள்ளத்தாக்குக்கென்றே புறப்பட்டதன்று. அறிவியலைப் பொதுமக்களிடம் கொண்டு செல்லப் புறப்பட்டது. எனினும் காடு, நீர் பற்றிய பேச்சைத் தெருவுக்குக் கொணர்ந்ததில் அதற்குப் பங்குண்டு. அறிவொளி இயக்க நாளில் புதுக்கோட்டை முதலிய இடங்களில் நாம் கண்ட கலைப்பயணக் குழுக்களுக்கும் அதுவே முன்னோடி.

கவிதைதான் காட்டைக் காத்தது என்றால் மிகையாகும். சாலிம் அலி போன்றோரின் வேண்டுகோள், உலக இயற்கைக் காப்பமைப்பின் தீர்மானம், கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் நீலகிரியின் குந்தாப் பகுதியையும் சேர்த்து மழைக்காட்டுக் காப்பகம் அமைக்கத் தந்த ஆலோசனை, இவையெல்லாம் தில்லியில் எடை பெற்றன. 1980 சனவரியில் கேரள உயர் நீதிமன்றம் எதிர்ப்பாளரின் மனுவைத் தள்ளியபின் பணியை நிறுத்திவைக்கச் செய்தவர் பிரதமர் இந்திரா காந்தி. எம்.ஜி.கே. மேனன் குழு ஆராய்ந்தது. 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15 அன்று தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. தில்லியில் முடிவு தாமதித்த அந்த மூன்றாண்டுகளில் வழக்கு மறக்கப்படாதிருந்தது பாட்டாலும் நாடகத்தாலும்தான் என்பது என் துணிபு.

திரைப்படம் இங்கே பிந்தி வந்தது. சென்னைப் பாம்புப் பண்ணையில் இளமையிலேயே பயின்ற சேகர் தத்தாத்ரியின் அமைதிப் பள்ளத்தாக்குப் படம் காடு பிழைத்தபின் எடுக்கப்பட்டது. கர்நாடகத்துக் குதிரேமுகத்திலோ முறை மாறிற்று. அங்கு இரும்புத்தாதுச் சுரங்கத்தை எதிர்த்து அவர் 2001-இல் எடுத்த குறும்படம் போராட்டத்தின் கருவியாகவே உதவியது. உச்ச நீதிமன்றம் 2002-இல் ஆணையிட, 2005 முடிவில் சுரங்கம் நின்றது.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். மரமும் குரங்கும் ஆறும் மலையாளக் கவிதையில் பெற்ற இடத்தை, பள்ளத்தாக்கின் அண்டையிலுள்ள அட்டப்பாடியின் இருளரும் முதுகரும் குறும்பரும் அந்நாளில் பெறவில்லை. அவர்களுடைய காடு அதற்கு முன்பே குடியேறியோர் கையில் வெட்டவெளியாகிக்கொண்டிருந்தது. சுகதகுமாரியும் தோழர்களும் பின்னர் அந்த அட்டப்பாடிக்கே சென்றனர். மொட்டையாய்க் கிடந்த மலைச்சரிவொன்றை எடுத்துக்கொண்டு மரக்கன்றுகள் நட்டனர். அது தழைத்துக் காடாயிற்று. கிருஷ்ணவனம் என்பது அதன் பெயர்.