வானூர்திப் பயண அச்சம்

வானூர்திப் பயண அச்சம் அல்லது பறத்தல் அச்சம் என்பது வானூர்தியில் பயணம் செய்யும்போதோ, பயணம் செய்ய நேரும் என்று எண்ணும்போதோ ஒருவருக்கு ஏற்படும் கடும் பதற்றம் ஆகும். ஆங்கிலத்தில் இது ஏவியோபோபியா, ஏரோபோபியா ஆகிய பெயர்களால் அறியப்படுகின்றது. பயணத்துக்கு முன் ஏற்படும் இலேசான படபடப்பு முதல், பயணத்தையே வாழ்நாள் முழுவதும் தவிர்ப்பது வரை இதன் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். இவ்வச்சம் உண்மையான இடரின் அளவைப் பின்பற்றி ஏற்படுவதில்லை. தன் கட்டுப்பாட்டில் இல்லாத, தனக்கு விளங்காத சூழலில் அது வளர்கின்றது. பிள்ளைகள் வெளிநாடுகளில் வாழும் குடும்பங்கள் மிகுந்த சென்னை மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற பகுதிகளில், இது மூத்தோரின் குடும்ப வாழ்வை நேரடியாகப் பாதிக்கும் சிக்கலாக உள்ளது.

== தன்மையும் அறிகுறிகளும் ==

உளமருத்துவ வகைப்பாட்டில் இது தனியான நோயாகக் கொள்ளப்படுவதில்லை. அமெரிக்க உளமருத்துவக் கழகம் 2013இல் வெளியிட்ட கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, இதனைக் குறிப்பிட்ட ஒன்றின் மீதான அச்சக் கோளாறுகளுள், சூழ்நிலை சார்ந்த வகையில் சேர்க்கின்றது. மின்தூக்கி, மூடிய இடம் ஆகியவற்றின் மீதான அச்சங்களும் இதே வகையைச் சேர்ந்தவை. அச்சம் பொதுவாக ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்வைப் பாதித்தால் மட்டுமே அது கோளாறு எனப்படும்.

நெஞ்சு படபடத்தல், மூச்சுத் திணறுவது போன்ற உணர்வு, உள்ளங்கை வியர்த்தல், வயிற்றைப் புரட்டுதல், தலைச்சுற்றல் ஆகியவை இதன் உடல் அறிகுறிகள். பயணச்சீட்டு வாங்கிய நாளிலிருந்து உறக்கம் கெடுதல், விபத்துச் செய்திகளை மீண்டும் மீண்டும் தேடிப் படித்தல், கடைசி நேரத்தில் பயணத்தைக் கைவிடுதல் ஆகியவை நடத்தை சார்ந்தவை.

== காரணங்கள் ==

வானூர்திப் பயண அச்சம் ஒரே அச்சம் அன்று. பல அச்சங்களின் தொகுப்பு ஆகும். அவற்றுள் முதன்மையானவை:

* '''விபத்து பற்றிய அச்சம்''': வானூர்தி விழுந்துவிடும் என்ற எண்ணம்.
* '''அடைபட்ட இட அச்சம்''': கதவு மூடியபின் நினைத்தபோது இறங்க முடியாது என்ற உணர்வு.
* '''உயர அச்சம்''': சாளரத்தின் வழியே கீழே பார்க்க இயலாமை.
* '''தன்னிலை இழக்கும் அச்சம்''': மற்றவர் முன்னிலையில் மயங்கி விழுவோமோ, கத்திவிடுவோமோ என்ற கூச்சம்.
* '''உடல்நலம் பற்றிய அச்சம்''': மருத்துவர் இல்லாத இடத்தில் நெஞ்சுவலி வந்தால் என்ன செய்வது என்ற கவலை.

எனவே விபத்துப் புள்ளிவிவரங்களைக் கூறுவதால் மட்டும் இவ்வச்சம் தணிவதில்லை. அடைபட்ட இடத்துக்கு அஞ்சும் ஒருவருக்கு வானூர்தி பாதுகாப்பானது என்ற செய்தியால் பயன் குறைவு.

== சென்னையில் வானூர்திப் பயணமும் அச்சமும் ==

=== தொலைபயணத் தயக்கம் ===

தொலைபயணம் பற்றிய தயக்கம் வானூர்திக்கு முற்பட்டது. கடல் கடந்து செல்வது ஆசாரத்துக்கு மாறானது என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வலுவாக இருந்தது. கணிதவியலாளர் இராமானுசன் 1914இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்படுமுன் இத்தடையை எதிர்கொண்டார். அன்றைய தயக்கம் உயிரைப் பற்றியதாக மட்டும் இருக்கவில்லை. குலத்தையும் சடங்கையும் பற்றியதாகவும் இருந்தது.

அக்டோபர் 1932இல் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு டாட்டா நிறுவனத்தின் அஞ்சல் வானூர்திச் சேவை தொடங்கியது. எனினும் அதன் பின்னரும் பல பத்தாண்டுகளுக்குப் பெரும்பாலான மக்களுக்கு வானூர்தி எட்டாத ஒன்றாகவே இருந்தது. மலாயா, சிங்கப்பூர் செல்வோர் ரஜூலா, பின்னர் சிதம்பரம் ஆகிய கப்பல்களில் சென்றனர். 1985இல் சிதம்பரம் கப்பல் தீவிபத்துக்கு உள்ளாகியதை அடுத்து அதன் பயணிகள் சேவை முடிவுக்கு வந்தது. பறக்க அஞ்சியவர்களுக்கு அதுவரை இருந்த மாற்றுவழியும் அத்துடன் மறைந்தது. உள்நாட்டில் தொடருந்து மாற்றாக உள்ளது. ஐக்கிய அமெரிக்காவுக்கோ ஆத்திரேலியாவுக்கோ செல்ல வேண்டியவருக்கு நடைமுறையில் வேறு வழி இல்லை.

=== நினைவில் நிற்கும் விபத்துகள் ===

சென்னையுடன் தொடர்புடைய சில விபத்துகள் பொதுமக்கள் மனத்தில் ஆழப் பதிந்தன.

மே 31, 1973 அன்று சென்னையிலிருந்து தில்லி சென்ற இந்தியன் ஏர்லைன்சு போயிங் 737 வானூர்தி, புழுதிப் புயலினிடையே பாலம் வானூர்தி நிலையத்தில் இறங்க முற்பட்டபோது விழுந்தது. வானூர்தியில் இருந்த 65 பேரில் 48 பேர் இறந்தனர். நடுவண் அமைச்சர் மோகன் குமாரமங்கலம் அவர்களுள் ஒருவர். அக்டோபர் 12, 1976 அன்று பம்பாயிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட காரவெல் வகை வானூர்தியின் பொறி பழுதடைந்து தீப்பற்றியது. அது திரும்பி வந்து இறங்க முயன்றபோது விழுந்ததில், திரைப்பட நடிகை ராணி சந்திரா உட்பட அதில் இருந்த 95 பேரும் இறந்தனர்.

சூலை 22, 2016 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குச் சென்ற வான்படையின் ஏஎன்-32 வானூர்தி, 29 பேருடன் வங்காள விரிகுடாவின் மேல் மறைந்தது. அதன் சிதைவுகள் கடலடியில் கண்டறியப்பட்ட செய்தி 2024 சனவரியில்தான் வெளியானது. சூன் 12, 2025 அன்று அகமதாபாத்தில் இலண்டன் செல்லப் புறப்பட்ட ஏர் இந்தியா வானூர்தி விழுந்தபோது அதிலிருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே உயிர் தப்பினார். பிள்ளைகளைக் காண வெளிநாடு செல்லும் குடும்பங்கள் பயன்படுத்தும் நெடுந்தொலைவுப் பயணம் என்பதால், இவ்விபத்து அத்தகையோரிடையே கூடுதல் கலக்கத்தை ஏற்படுத்தக்கூடியது.

=== நியாயமான அச்சம் ===

பறக்க அஞ்சுவது எல்லா நேரத்திலும் கோளாறு அன்று. ஈழப்போரின்போது தரைவழி மூடப்பட்டிருந்த நிலையில், யாழ்ப்பாண மக்கள் கொழும்புக்குச் செல்ல வான்வழியை நாட வேண்டியிருந்தது. செப்டம்பர் 29, 1998 அன்று பலாலியிலிருந்து இரத்மலானை நோக்கிச் சென்ற லயன் ஏர் வானூர்தி மன்னார்க் கடற்பரப்பில் விழுந்து, அதிலிருந்த 55 பேரும் இறந்தனர். விடுதலைப் புலிகளின் ஏவுகணையால் அது வீழ்த்தப்பட்டதாகக் கருதப்படுகின்றது. அவ்வழியில் பயணம் செய்தோரின் அச்சம், இருந்த இடருக்கு ஏற்ற அச்சமே ஆகும். உளமருத்துவர்கள் கோளாறு எனக் கொள்வது, இடரின் அளவுக்கு மிஞ்சிய அச்சத்தை மட்டுமே.

=== மூத்தோர் ===

மகள் அல்லது மருமகளின் பேறுகாலத்துக்கு உதவவும், பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் தென்சென்னையிலிருந்து மூத்தோர் பலர் வெளிநாடு செல்கின்றனர். அறுபது வயதைக் கடந்தபின் முதன்முறையாக வானூர்தியில் ஏறுவோரும் அவர்களுள் உள்ளனர். சென்னையிலிருந்து அமெரிக்கா செல்லும் பயணம், வளைகுடா நாடுகளிலோ ஐரோப்பாவிலோ வானூர்தி மாறிச் செல்வதால் இருபது மணி நேரத்துக்கும் மேல் நீள்வது வழக்கம்.

இவர்களுடைய அச்சம் பெரும்பாலும் வானூர்தியைவிட நிலத்தைப் பற்றியது. இடைநிலையத்தில் அடுத்த வாயிலைக் கண்டுபிடித்தல், நகரும் படிக்கட்டு, குடிவரவு அலுவலரின் கேள்விகள், வானூர்தியின் சிறிய கழிவறை, சைவ உணவு கிடைக்குமா என்ற ஐயம் ஆகியவை இதில் அடங்கும். நடக்கக்கூடியவர்களும் சக்கர நாற்காலி உதவியைக் கேட்டுப் பெறுவதற்கு, வழி தவறாமல் ஒருவர் கூட்டிச் செல்வார் என்பதும் ஒரு காரணம்.

அச்சத்தை வெளிப்படையாகக் கூறாமல் முழங்கால் வலி, சர்க்கரை நோய், வீட்டைப் பூட்டிவிட்டு வர இயலாமை ஆகியவற்றைக் காரணமாகக் கூறுவதும் உண்டு. இதனைப் பிள்ளைகள் அன்புக்குறைவாகப் புரிந்துகொள்ள நேர்கின்றது. பேறுகாலத்தில் தாய் உடனில்லாத வருத்தம் இரு பக்கமும் ஆண்டுக்கணக்கில் நிலைக்கலாம். அச்சத்தை அச்சம் என்றே பேச முடிவது இதனைத் தவிர்க்க உதவும் முதற்படியாகும்.

=== நம்பிக்கைகள் ===

பயணத்துக்கு முன் இராகு காலம், எமகண்டம், சூலம் ஆகியவற்றைப் பார்ப்பது வழக்கம். வானூர்தி புறப்படும் நேரத்தைப் பயணி மாற்ற முடியாது. ஆகவே நல்ல நேரத்தில் ஒரு பையை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, அதையே புறப்பாடாகக் கொள்ளும் பரஸ்தானம் என்ற பழைய வழக்கம் இதற்குப் பயன்படுகின்றது. பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைத்தலும், கடலைத் தாண்டியவர் என்பதால் ஆஞ்சநேயரை வேண்டுதலும் உண்டு. 32 அடி உயரச் சிலை கொண்ட நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயில் வானூர்தி நிலையத்துக்கு அருகிலேயே அமைந்துள்ளது. இத்தகைய செயல்கள் கட்டுப்பாட்டை இழந்த உணர்வை ஓரளவு குறைத்து, மனத்துக்கு உறுதி அளிக்கின்றன.

== இடரும் அச்சமும் ==

பன்னாட்டு வான் போக்குவரத்துச் சங்கத்தின் கணக்கின்படி, 2023இல் உலகளவில் ஏறத்தாழ 12.6 லட்சம் பறப்புகளுக்கு ஒரு விபத்து நிகழ்ந்தது. உயிரிழப்பு இல்லாத விபத்துகளும் இதில் அடங்கும். மாறாக, 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களுள் 17,884 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள். மயிலாப்பூரிலிருந்து மீனம்பாக்கத்துக்கு மகிழுந்தில் செல்லும்போது அச்சம் தோன்றாமல், வானூர்தியில் ஏறியபின் தோன்றுவது இவ்வச்சத்தின் இயல்பைக் காட்டுகின்றது.

அச்சத்தால் எடுக்கும் முடிவுகளும் இடர் தரக்கூடும். செப்டம்பர் 11, 2001 தாக்குதல்களுக்குப் பின் அமெரிக்கர் பலர் வானூர்தியைத் தவிர்த்துச் சாலைவழிச் சென்றனர். அடுத்த பன்னிரண்டு மாதங்களில் இதனால் ஏறத்தாழ 1,500 பேர் கூடுதலாகச் சாலையில் இறந்ததாகச் செருமானிய உளவியலாளர் கெர்ட் கிகரன்சர் மதிப்பிட்டார்.

== அச்சமூட்டும் இயல்பான நிகழ்வுகள் ==

பறப்பின்போது ஏற்படும் ஒலிகளும் அசைவுகளும் பல இயல்பானவை. அவற்றின் காரணத்தை அறிவது பலருக்கு அச்சத்தைக் குறைக்கின்றது.

* '''புறப்பட்ட சிறிது நேரத்தில் இரைச்சல் குறைதல்''': பொறி நின்றுவிடவில்லை. மேலெழும்பியபின் விசை குறைக்கப்படுவதால் இவ்வாறு ஏற்படுகின்றது. இரு பொறி வானூர்திகள், புறப்படும்போது ஒரு பொறி செயலிழந்தாலும் மற்றொன்றால் மேலெழும்பக்கூடியவாறு வடிவமைக்கப்படுகின்றன.
* '''தரைக்கு அடியில் இடிப்பது போன்ற ஒலி''': சக்கரங்கள் உள்ளிழுக்கப்படும்போதும் வெளிவரும்போதும் கேட்பது.
* '''குலுக்கல்''': காற்றுக் கொந்தளிப்பால் ஏற்படுவது. இறக்கைகள் வளைந்து கொடுக்குமாறு அமைக்கப்படுகின்றன. பறப்பில் எதிர்பார்க்கப்படும் உச்ச சுமையைப் போல் ஒன்றரை மடங்கைத் தாங்கும் வலிமை அவற்றுக்கு இருக்க வேண்டும் என்பது விதி. காயம் ஏற்படுவது பெரும்பாலும் இருக்கைப் பட்டி அணியாதவர்களுக்கே.
* '''காது அடைத்தல்''': அறையின் காற்றழுத்த மாற்றத்தால் ஏற்படுவது. உயரத்தில் பறக்கும்போதும் அறையின் அழுத்தம் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்துக்கு உரியதற்குக் கீழே குறையாமல் பேணப்படுகின்றது. இது 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தின் காற்றழுத்தத்துக்கு நெருங்கியது.
* '''இறங்காமல் மீள எழுதல்''': காற்று அல்லது பார்வைத் தெளிவு ஏற்றதாக இல்லாதபோது, வானோட்டி இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலெழும்புவது.

மீள எழுதலுக்குச் சென்னை எடுத்துக்காட்டு ஒன்று பரவலாக அறியப்பட்டது. நவம்பர் 30, 2024 அன்று பெஞ்சல் புயலின்போது மும்பையிலிருந்து வந்த ஏர்பஸ் ஏ320 வகை வானூர்தி, ஓடுபாதையைத் தொடும் நிலையில் பக்கவாட்டுக் காற்றில் ஆடியபின் மேலெழும்பிச் சென்றது. நிகழ்படத்தைக் கண்ட பலருக்கு அது தப்பிய விபத்தாகத் தோன்றியது. எனினும் மீள எழுதல் என்பது எல்லா வானோட்டிகளும் பயிற்சி பெறும் பாதுகாப்பு நடைமுறையே.

== சிகிச்சை ==

இவ்வச்சம் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியது. அச்சத்துக்குரிய எண்ணங்களை ஆராய்ந்து மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், அஞ்சும் சூழலைப் படிப்படியாக எதிர்கொள்ளும் முறையும் பயன் தருவன. 1990களிலிருந்து மெய்நிகர் உண்மைக் கருவிகளும் பயன்படுத்தப்படுகின்றன. தவிர்த்தல் அப்போதைக்கு நிம்மதி தந்தாலும், ஒவ்வொரு முறை தவிர்க்கும்போதும் அச்சம் வலுப்பெறுகின்றது.

படிப்படியாக எதிர்கொள்ளும் முறையைச் சென்னையில் பின்வருமாறு அமைக்கலாம்:

# பறங்கிமலை மீதிருந்து வானூர்திகள் ஏறி இறங்குவதைப் பார்த்தல்.
# மெட்ரோ தொடருந்தில் வானூர்தி நிலையம் வரை சென்று திரும்புதல்.
# பழகிய ஒருவருடன் பெங்களூருக்கோ கோயம்புத்தூருக்கோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் பறத்தல்.
# அதன்பின் நெடும்பயணம் மேற்கொள்ளல்.

ஒரு படியில் பதற்றம் தணியும் வரை அதனைத் திரும்பச் செய்தபின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். பயணத்தின்போது மூச்சை மெதுவாக நீட்டி வெளிவிடுதல் படபடப்பைக் குறைக்கும்.

அமைதியூட்டும் மருந்துகளை மருத்துவர் அறிவுரையின்றி உட்கொள்ளலாகாது. 1997இல் வெளியான ஓர் ஆய்வில், அல்பிரசோலம் உட்கொண்டவர்கள் முதற் பறப்பில் அச்சம் குறைந்ததாகக் கூறினாலும், ஒரு வாரத்துக்குப் பின் மருந்தின்றிப் பறந்தபோது மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பதற்றம் அடைந்தனர். மதுவும் இதற்குத் தீர்வன்று.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் உளமருத்துவப் பிரிவுகளிலும், சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் ஆலோசனை பெறலாம். அக்டோபர் 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானசு என்ற நாடளாவிய தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். இதில் தமிழிலும் பேச இயலும்.

== இவற்றையும் பார்க்க ==

* சென்னை பன்னாட்டு வானூர்தி நிலையம்
* அச்சக் கோளாறு
* உயர அச்சம்
* அடைபட்ட இட அச்சம்
* காற்றுக் கொந்தளிப்பு
* அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை