சேகரம் என்பது வசூல் அன்று

ராஜபாளையம் வட்டாரத்துக் கிராம ஆலயம் ஒன்றின் ஆண்டுவிழா மலரைப் படிக்க நேர்ந்தது. அதில் ‘சேகரம்’ என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதியவர், காணிக்கை சேகரிக்கும் எல்லைக்குச் சேகரம் என்று பெயர் வந்தது என ஒரே வரியில் முடித்திருந்தார். இதே விளக்கத்தை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலும் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அச்சேறிவிட்ட பிறகு இனி இதுவே சான்றாகக் காட்டப்படும். ஒரு நல்ல சொல்லை உண்டியலுக்குள் போட்டுப் பூட்டும் வேலை இது. மறுக்காமல் விட முடியாது.

பொருள் எது என்று முதலில் தெளிவாக வேண்டும். தென்னிந்தியத் திருச்சபையின் திருநெல்வேலித் திருமண்டலத்தில், பல ஊர்ச் சபைகள் ஒரு குருவின் பொறுப்பில் இணைந்திருக்கும் தொகுதிக்குச் சேகரம் என்று பெயர். அவர் சேகரகுரு. ஊருக்கு ஒரு கோயில் உண்டு. ஊருக்கு ஒரு குரு கிடையாது. குரு ஒரு ஞாயிறு ஓரூரில் திருவிருந்து கொடுப்பார், மறு ஞாயிறு வேறோர் ஊருக்குப் போவார். மற்ற ஊர்களில் உபதேசியார் ஆராதனை நடத்துவார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலிருந்து சிவகாசிக் கரிசல் வரை பரந்துகிடக்கும் சிற்றூர்ச் சபைகள் இப்படித்தான் நடக்கின்றன. திருச்சி, சென்னைப் பக்கத்துச் சபையார் இதையே குருசேகரம் என்பர்.

வசூல் கட்சிக்கு விடை சொல்கிறேன். பணம் திரட்டுவதற்குத் திருநெல்வேலிச் சபைகளில் சொற்பஞ்சம் என்றுமே இருந்ததில்லை. காணிக்கை உண்டு, சங்கக் காணிக்கை உண்டு, பெண்கள் உலையில் இடும் முன் ஒதுக்கிவைக்கும் கைப்பிடியரிசி உண்டு, அறுப்பின் பண்டிகையில் வாழைத்தாரையும் பூசணியையும் கோழியையும் ஏலம் விட்டுச் சேரும் தொகையும் உண்டு. இவற்றில் ஒன்றையாவது யாராவது சேகரம் என்று சொன்னதுண்டா? 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ், சபையாருக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்த 1830இல் ஒரு நிதியமைப்பைத் தொடங்கினார். அதற்கு இட்ட பெயர் தர்ம சங்கம். சேகரம் வசூலைக் குறித்த சொல் என்றால் வந்து உட்கார வேண்டிய இடம் அதுதான். அங்கே அது இல்லை.

வேதாகமமும் என் பக்கமே நிற்கிறது. ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் வெளிவந்த தமிழ் வேதாகமத்தில், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேம் சபைக்காகப் பவுல் பணம் திரட்டச் சொல்லும் இடம் அது. அங்கே தர்மப்பணம் என்ற பெயரும் சேர் என்ற வினையுமே வருகின்றன.

இலக்கணமும் அப்படியே. சேகரி என்ற வினையிலிருந்து சேகரம் பிறந்தது என்பவர்கள் முறையைத் தலைகீழாக்குகிறார்கள். ஆரவாரம் என்ற பெயரிலிருந்து ஆரவாரி வருகிறது. அலங்காரத்திலிருந்து அலங்கரி வருகிறது. ‘அம்’ ஈற்றுப் பெயர் முந்தியது, இகர ஈற்று வினை பிந்தியது. ஆகவே சேகரம் என்ற நிலை முதலில்; சேகரிக்கும் செயல் பிறகு.

இரண்டாம் கட்சி வடமொழிக் கட்சி. சந்திரசேகரன், குலசேகரன் என்பவற்றில் உள்ள சேகரமே இது, தலையில் அணியும் முடி என்று பொருள், குரு சபையின் முடியாக இருப்பதால் குருசேகரம் என்பர். வில்லிபுத்தூர்க்காரருக்குக் குலசேகர ஆழ்வார் பெயரும் பாண்டியக் குலசேகரர்கள் பெயரும் நன்கு பழகியவை. ஆகவே இந்த விளக்கம் எளிதில் பிடித்துப்போகிறது. ஆனால் குலசேகரன் ஓர் ஆள், குலத்துக்கு முடியானவன். குருசேகரம் ஆளைக் குறிப்பதில்லை. ஊர்களையும் மக்களையும் குறிக்கிறது. சேகரகுரு என்ற தொடரில் ‘முடி’ என்ற பொருளை வைத்துப் பாருங்கள்: முடியின் குரு என்று பொருளற்றுப்போகும். சேகரத்தின் குரு என்றால்தான் தொடர் நிற்கும். வடமொழியில் அச்சொல்லுக்குச் சூட்டும் மாலை, முடி, உச்சி என்ற பொருள்களே உள்ளன. திரட்டு என்ற பொருள் தமிழிலும் மலையாளத்திலும் வழங்குகிறது. ஒலியால் ஒன்றுபட்ட இரு வேறு சொற்கள் இவை என்பது என் கருத்து.

மூன்றாவதாக, நகரத்தைக் குறிக்கும் ‘ஷஹர்’ என்ற பாரசீகச் சொல் திரிந்தது என்று ஒருவர் சொன்னார். பட்டிகளுக்கும் குளங்களுக்கும் நடுவே கிடக்கும் சபைகளுக்கு நகரப் பெயர் பொருந்தாது. மேலும் பேசத் தேவையில்லை.

இனி என் முடிபு. சே என்ற பழைய வினைக்குத் தங்குதல் என்று பொருள். சங்க நெய்தற் பாடல்களில் நாரையும் குருகும் மரக்கிளையில் ‘சேக்கும்’. பறவை தங்கும் இடமும் மாந்தர் படுக்கும் இடமும் ‘சேக்கை’. இதன் உடன்பிறப்பு சேர்; அதன் பிள்ளை சேரி. குறுந்தொகை 231ஆம் பாட்டின் தலைவி, ஒரே ஊரில் இருந்தும் அவன் தன் சேரிக்கு வருவதில்லை என்று வருந்துகிறாள். அங்கே சேரி என்பது சேர்ந்து வாழும் தெரு. சிலப்பதிகாரத்தில் மதுரை மதிலுக்கு வெளியே அறவோர் தங்கிய இடம் புறஞ்சேரி. தொல்காப்பியச் செய்யுளியல் புலன் என்ற வனப்பை விளக்கும்போது சேரிமொழி என்கிறது. எல்லாரும் கூடி வாழும் இடத்தில் எல்லாருக்கும் விளங்கும் பேச்சு என்று பொருள். பிற்காலத்தார் சேரியை இழிசொல்லாக்கியது அவர்கள் குற்றம், சொல்லின் குற்றமன்று. சேக்கு என்ற அடி சேகு என இளகி, கூடு கூடாரமானது போல் ஈறு பெற்றுச் சேகரம் ஆயிற்று. வடமொழிச் சேகரம் முன்பே பழகியிருந்ததால் எழுத்து வடிவம் அதனோடு ஒன்றிப்போனது. தங்கிச் சேர்ந்தவர்களின் தொகுதி என்பதே இதன் முதற்பொருள்.

கூடாரம் என்றதும் இந்த மண்ணின் வரலாறு குறுக்கே வருகிறது. சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சங்கம்) மிஷனரி தாமஸ் ராக்லண்ட் 1854இல் வட திருநெல்வேலிப் பணியைத் தொடங்கியபோது பங்களா கட்டி அமரவில்லை. டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் ஆகியோரோடு கூடாரம் அடித்து, ஊர் ஊராகப் போனார். 1858 அக்டோபர் 22இல் சிவகாசியில் இறந்தார். அந்தப் பணியில் நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. தென் திருநெல்வேலிச் சபைகள் தங்கள் உபதேசியார்களைத் தங்கள் செலவில், மாத முறை வைத்து இந்த வடக்குக்கு அனுப்பின. முகம் பார்த்திராத ஊர்களுக்காக ஊர்கள் சேர்ந்தன. சி.எம்.எஸ். செயலர் ஹென்றி வென் வலியுறுத்திய தன்னாதரவும் தன்னாட்சியும் இங்கே சேகரமாக உருவெடுத்தது இந்தப் பழக்கத்தின் மேல்தான். கூடாரங்கள் சேர்ந்தால் பாளயம்; இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தங்கியதற்குத் தமிழ் வேதாகமம் ஆளும் சொல் அதுவே. ராஜுக்களின் பாளையத்துக்கும் மோசேயின் பாளயத்துக்கும் ஒரே சொல் பொருந்துகிறது என்பதை நம்மூர்ப் பிரசங்கிகள் கவனிக்க வேண்டும்.

எல்லை வரலாறும் ஒன்று சொல்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் 1910இல் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து புதிய இராமநாதபுரம் மாவட்டத்தில் சேர்ந்தது. 1985இல் அதிலிருந்தும் பிரிந்து, இன்று விருதுநகர் எனப்படும் மாவட்டத்தில் அமைந்தது. அரசாங்கம் இருமுறை கோடு மாற்றியும் இப்பகுதிச் சபைகள் திருநெல்வேலித் திருமண்டலத்திலேயே இருக்கின்றன. வருவாய்க்காக வகுத்த எல்லை மாறும். மக்கள் சேர்ந்து உண்டான தொகுதி மாறாது.

கத்தோலிக்கர் சொல் வேறு. அவர்களுக்குப் பங்கு, குரு பங்குத்தந்தை. பகு என்ற வினையே மெல்லெழுத்துப் பெற்றுப் பங்கு ஆனது. வள்ளுவர் கொல்லாமை அதிகாரத்தில் தலையாய அறமாகப் போற்றும் பகுத்துண்ணலும் இதே வேர்தான். மறைமாவட்டத்தை ஆயர் பகுத்துக் கொடுக்கப் பங்கு உண்டாகிறது; ஊர்கள் சேர்ந்துகொள்ளச் சேகரம் உண்டாகிறது. ஒன்று மேலிருந்து பிரிந்தது, மற்றது கீழிருந்து கூடியது. இரண்டும் நல்ல தமிழ். ஒன்றை மற்றதற்கு மொழிபெயர்ப்பாகக் கருதக் கூடாது. ஐரோப்பிய மொழிகளில் பங்கைக் குறிக்கும் சொற்களுக்கு மூலமான கிரேக்கப் ‘பரோய்க்கியா’வுக்கோ அருகே தங்கியிருத்தல், வந்து குடியிருத்தல் என்று பொருள். அந்தப் பொருளுக்குச் சேக்கையும் சேரியுமே நெருக்கம்.

உபதேசியாரைக் கத்தோலிக்கர் முன்னாளில் வேதியர் என்றனர். கோவில்பட்டிக்கு அருகே காமநாயக்கன்பட்டியில் பணிசெய்த வீரமாமுனிவர் அவர்களுக்காக எழுதிய நூல் ‘வேதியர் ஒழுக்கம்’. வேதம் ஓதும் அந்தணருக்கு வழங்கிய பெயர், ஊர்க்கோயிலில் செபம் சொல்லிக்கொடுத்தவருக்கு வந்தது. சொற்களுக்குச் சாதி கிடையாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சபை விருந்தான அசனத்துக்கும் ஒரு வார்த்தை. சபையார் பந்தியில் உட்கார்ந்து உண்பதால் ஆசனம் அசனமாயிற்று என்கிறார்கள். பிழை. அசனம் என்றாலே உணவு. வடசொல், குறில் முதலது. பெரிய அண்டாக்களில் சோறும் குழம்பும் ஆக்கி, ஊர் பேதம் பாராமல் போடும் இந்த விருந்துக்கு இம்மண்ணில் முன்னோடி உண்டு. நோன்பு முடிவில் நெய் வழிய வழியப் பாற்சோறு கூடி உண்பதை ஆண்டாள் திருப்பாவையின் 27ஆம் பாட்டில் பாடினாள். நாச்சியார் திருமொழியின் நான்காம் பதிகம் முழுவதும் அவள் கூடலிழைத்தாள். வில்லிபுத்தூர் கூடுதலின் ஊர். சேகரம் என்ற சொல் இங்கே அந்நியப்படாமல் நிலைத்ததில் எனக்கு வியப்பில்லை.

இனி என் வலுவான சான்றுக்கு வருகிறேன், அது ஓலை. திருமணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு ஆராதனையில் மணமக்கள் பெயரையும் பெற்றோர், ஊர், சபைப் பெயர்களையும் வாசித்து, தடை தெரிந்தவர் தெரிவிக்கும்படி கேட்பார்கள். இதுவே ஓலை வாசித்தல்: முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை. மேலைத் திருச்சபையில் 1215இன் லாத்தரன் சங்கம் இதைப் பொதுவிதியாக்கியது. 1563இல் திரெந்து சங்கம் மூன்று முறை என்று வரையறுத்தது. ஆங்கிலத் திருச்சபையிலும் இந்த வழக்கம் உண்டு. விதி வெளியிலிருந்து வந்தது, பெயர் நம்முடையது. சத்தமாக அறிவிப்பதால் ஓலத்திலிருந்து ஓலை என்பார் கூற்று செல்லாது. ஓலை பனையோலைதான். அகநானூறு 77ஆம் பாட்டில் ஆவண மாக்கள் குடத்தின் பொறியை நீக்கி எடுப்பது ஓலை. முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆள் தெரிவது குடவோலையால். சேக்கிழார் பாடிய தடுத்தாட்கொண்ட புராணத்தில் சுந்தரர் திருமணத்தை நிறுத்தியதும் ஒரு முதியவர் காட்டிய ஓலை. வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போய், அங்கே மூல ஓலை வாசிக்கப்பட்டது. மணம், தடை, ஓலை, சபை என்ற நான்கையும் ஒரே நிகழ்ச்சியில் வைத்த தமிழனுக்கு, ஆலயத்தில் வாசிக்கும் அறிக்கைக்கு வேறு பெயர் தோன்றியிருக்க முடியாது.

ஆராதனையில் அந்த ஓலையைத் தொடர்ந்து வருவனவற்றையும் கேளுங்கள். இந்த ஊரில் ஞானஸ்நானம், அந்த ஊரில் அடக்கம், பஞ்சாலையில் வேலைபார்க்கும் ஒரு வாலிபனுக்காக ஜெபம், அடுத்த சபையின் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அழைப்பு, சத்திரப்பட்டித் தறிக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம். சபைகளுக்கு நடுவே மைல் கணக்கில் வயலும் கண்மாயும் கிடக்கலாம். ஆனாலும் ஒரு பட்டியில் நடந்தது அடுத்த பட்டியின் செய்தியாகிறது. சேகரத்துக்கு எல்லைக்கல் இதுதான்: யாருடைய நல்லது கெட்டது யாருக்கு அறிவிக்கப்பட வேண்டுமோ, அவர்களெல்லாம் ஒரு சேகரம். காணிக்கை கொடுக்க வகையில்லாத முதியவள் இறந்தாலும் கோயில் மணி அடிக்கிறது, சேகரகுரு வருகிறார், மற்றச் சபைகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவள் பெயரில் வசூல் ஏதும் இல்லை. அவள் சேகரத்துக்கு வெளியே போய்விட்டாளா? வசூல் கட்சியார் இதற்கு விடை சொல்லட்டும்.

சேகரம் சேர்ந்து தங்கிய மக்களின் பெயர். பணம் பின்னால் வந்தது. அந்த மக்கள் தங்கள் குருவைத் தாங்கக் கொடுத்தது. இனி ஆண்டுவிழா மலர் போடும் சபைகள் இந்தப் பொருளையே அச்சிட வேண்டும்.