பறந்த நாடாவும் பெயர்ந்த நெசவாளரும்

தொழிற்புரட்சி என்றவுடன் நீராவிப் பொறியும் ஜேம்ஸ் வாட்டுமே நம் நினைவில் முந்துவர். எனினும், தறியோசையோடு வாழ்ந்த நெல்லைச் சீமை ஊர்களின் தலைவிதியை மாற்றி எழுதியவை நூலையும் துணியையும் சார்ந்த கருவிகளேயாகும்.

1733இல் இங்கிலாந்தின் ஜான் கே பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை ஊடுநூல் சுமந்த நாடாவை நெசவாளி ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்க வேண்டியிருந்தது. அகலமான துணிக்கு இருவர் தேவைப்பட்டனர். கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும்படி செய்தார் கே. பலன்? உரிமைத்தொகை தர மறுத்த உற்பத்தியாளர்களோடு வழக்காடிப் பொருளிழந்து, பிரான்சுக்குச் சென்று அங்கேயே மறைந்தார்.

தறி விரைந்தது, நூல் போதவில்லை. 1764 வாக்கில் ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் ஒரே சக்கரத்தால் எட்டுக் கதிர்களைச் சுழற்றும் 'ஜென்னி'யைப் படைத்தார். 1768இல் பிழைப்புக்கு அஞ்சிய மக்கள் அவருடைய பொறிகளை உடைத்தெறிந்தனர். ரிச்சர்ட் ஆர்க்ரைட்டோ 1771இல் கிராம்ஃபோர்டில் ஓடும் நீரின் விசையால் நூற்பாலை கண்டு பெருஞ்செல்வரானார். முடிதிருத்துபவராக வாழ்வைத் தொடங்கிய அவர், பிறர் கருத்துகளைத் தமதாக்கிக் கொண்டார் என்ற வழக்கில் 1785இல் காப்புரிமையை இழந்தார். மறு ஆண்டே 'சர்' பட்டம் பெற்றார்! எட்மண்ட் கார்ட்ரைட்டின் விசைத்தறியும் 1785இல்தான் பிறந்தது.

ஆர்க்ரைட்டின் வழி நூறாண்டு கழித்துப் பொதிகை அடிவாரத்தை எட்டியது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் தாமிரபரணியின் நீர்விசையைக் கொண்டு நூற்பாலை நிறுவினர்.

ஆலைகள் வந்தன, தறிகள் அழிந்தன என்று ஒரே வரியில் கூறிவிடுவது சரியன்று. முதலில் மாய்ந்தது தறியன்று, இராட்டை. மலிவான ஆலைநூல் கைநெசவாளிக்குக் கச்சாப்பொருளாயிற்று. ஆனால் வீட்டுத் திண்ணையில் நூற்றுப் பிழைத்த பெண்களின் வருவாயைப் பறித்துக்கொண்டது. அவர்கள் எந்தப் பொறியையும் உடைக்கவில்லை. அதனாலோ என்னவோ, வரலாற்று நூல்களில் அவர்களுக்கு இடமும் இல்லை. நெசவாளிக்கு நெருக்கடி வந்தது ஆலைத்துணியின் போட்டியால்.

அந்நெருக்கடிக்கு மருந்தாகவே கேயின் நாடா இங்கு மீண்டும் பேசப்பட்டது விந்தையே. ஆல்பிரட் சாட்டர்டன் 1906இல் சேலத்தில் அரசு நெசவுச்சாலை அமைத்து அதனைப் பரப்ப முயன்றார். நெசவாளர் வீட்டுத்தறியை விட்டு அங்கு வரத் தயங்கினர். அரசு தொழில் நடத்துவதை இந்தியா மந்திரி மார்லி பிரபுவும் 1910இல் ஏற்கவில்லை. சாலை நிலைக்கவில்லையாயினும் நாடா மாகாணமெங்கும் வீட்டுத் தறிகளுக்குள் நுழைந்துவிட்டது.

ராயகிரிக்குத் தெற்கே, அதே மலையடிவாரத்தில் அமைந்த கடையநல்லூரின் முஸ்லிம்கள் வழிவழியாக நெசவாளர். தொழில் நலிந்தபோது அவர்களுள் பலர் சிங்கப்பூருக்குப் பெயர்ந்தனர். ஆடவர் மட்டும் கடல் கடந்து செல்வதே அக்காலத் தமிழ் முஸ்லிம்களிடையே பெருவழக்கு. கடையநல்லூராரோ மனைவி மக்களோடு சென்று, துறைமுகத்தை அடுத்த தஞ்சோங் பகாரில் குடியேறினர். நாடா பிடித்த கைகள் அங்கே கூலிவேலைக்குப் பழகின. 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், அவ்வமைப்பு தம் பிள்ளைகளுக்காக ஒரு தமிழ்ப் பள்ளியைத் திறந்தது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் பெயரைத் தாங்கிய அப்பள்ளி, பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982 வரை தமிழ் பயிற்றுவித்தது.